சமூகப் பிரச்சினைகளில் வடிவமைப்பாளரின் பங்கும் பொறுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடிவமைப்புப் படிக்கும் மாணவர்கள், தொண்டு நிறுவனங்களில் இருப்பவர்கள், சில சமயம் ஊராட்சித் தலைவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. திரும்பத் திரும்ப வருவதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டிசைனர் என்றால் லோகோ, போஸ்டர் செய்பவர்தானே? குடிதண்ணீர், கழிப்பறை, ரேஷன் கடை இதிலெல்லாம் அவருக்கு என்ன வேலை?

ஒரு பொருளோ தாளோ இடமோ எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கிற எல்லோரும் வடிவமைப்பு வேலையைத்தான் செய்கிறார்கள். ரேஷன் கடையின் ஜன்னல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்துக்கும் மருந்து வாங்கும் இடத்துக்கும் எத்தனை படிக்கட்டு, முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தில் எத்தனை கட்டங்கள் என்பதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். தீர்மானித்தவர் அந்த வரிசையில் நின்றிருக்க மாட்டார். அந்த இடைவெளியில் வேலை செய்வதற்குத்தான் பயிற்சி பெற்ற வடிவமைப்பாளர் தேவைப்படுகிறார்.

இந்தியாவில் இது புதுப் பேச்சும் இல்லை. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958இல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதையொட்டி 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது. 1979இல் அதே ஊரில் கூடிய ஐ.நா. மாநாடு, வளரும் நாடுகளின் முன்னேற்றத்துக்குத் தொழில்துறை வடிவமைப்பு உதவ வேண்டும் என்று பிரகடனமே வெளியிட்டது.

பேச்சு சரி. உண்மையிலேயே நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

தெருமுனை அடிபம்பைச் சொல்வேன். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு அது வெறும் இரும்பு. எனக்கு அது இந்த நாட்டின் மிகச் சிறந்த வடிவமைப்புகளில் ஒன்று.

1960களின் கடைசியில் வறட்சி வந்தபோது, யுனிசெஃப் துளையிடும் இயந்திரங்களைக் கொண்டுவந்து கடும்பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் போட உதவியது. தண்ணீர் வந்தது. அதன் மேல் பொருத்தியவை வார்ப்பிரும்பு பம்புகள். அவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பண்ணை வீட்டுக்காகச் செய்த பம்புகளின் நகல்கள். ஒரு குடும்பம் நாளைக்குச் சில தடவை அடிப்பதற்கு அது போதும். இங்கே விடிகாலை நாலு மணிக்குத் தொடங்கி இரவு வரை ஊரே குடத்தோடு நின்றது. கைப்பிடி உடைந்தது, அச்சு தேய்ந்தது. 1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது போட்ட பம்புகளில் ஏறக்குறைய முக்கால்வாசி ஓடவில்லை.

மாற்றுக்கான விதை எந்த ஆய்வுக்கூடத்திலும் முளைக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பக்கம் தொண்டு அமைப்புகளின் பட்டறைகளில், உடைந்த பம்புகளைச் சரிசெய்து சரிசெய்து அலுத்துப்போனவர்கள் எஃகில் ஒரு பம்பு செய்து வைத்திருந்தார்கள். யுனிசெஃபும் அரசும் அதை அடிப்படையாக எடுத்துக்கொண்டன. சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் அதை வளர்த்தெடுத்தது. சோதித்துப் பார்க்கக் கோயம்புத்தூர் பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் கோவை? நிலத்தடி நீர் மிக ஆழம், கூட்டமும் ஓயாது. அங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும். 1970களின் கடைசியில் 'இந்தியா மார்க் 2' என்ற பெயரில் உற்பத்திக்கு வந்தது. காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. வரைபடமும் அளவுகளும் இந்தியத் தர நிர்ணயமாக வெளிவந்தன. எந்தப் பட்டறையும் செய்யலாம், ஆனால் அளவு தவறக் கூடாது. அப்படித்தான் அது பல லட்சக்கணக்கில் பரவி ஆப்பிரிக்கா வரை போனது.

பம்பைச் செய்து கொடுத்ததோடு வேலை முடிந்ததா?

இல்லை, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. பம்பு உடையும் என்பதை ஒப்புக்கொண்டு, உடைந்தால் யார் வருவார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தார்கள். தமிழ்நாட்டில் மூன்றடுக்கு ஏற்பாடு உருவானது. ஊரில் பம்பைக் கவனித்துக்கொள்ள ஒருவர், சுமார் நூறு பம்புகளுக்கு வட்டார அளவில் ஒரு மெக்கானிக், ஐந்நூறு பம்புகளுக்கு மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு.

அதிலும் ஒரு குறை தெரிந்தது. கிணற்றுக்குள் இருக்கும் சிலிண்டரில் தோல் வாசர் தேய்ந்துவிட்டால், அதை மாற்ற மொத்தக் குழாயையும் மேலே இழுக்க வேண்டும். நாலைந்து ஆட்கள், கப்பி, வண்டி இல்லாமல் முடியாது. வண்டி வர வாரங்கள் ஆகும். அதுவரை பெண்கள் பழையபடி குளத்துக்குத்தான் நடக்க வேண்டும். சில ரூபாய் வாசருக்காக ஓர் ஊர் வாரக்கணக்கில் காத்திருந்தது.

1980களில் மறுபடியும் கோவைப் பகுதியிலேயே சோதனை நடந்தது. இந்த முறை குழாயைச் சற்று அகலமாக்கி, குழாயைக் கழற்றாமலே உள்ளிருக்கும் பிஸ்டனை மட்டும் மேலே இழுத்து வாசரை மாற்றும்படி செய்தார்கள். அதுதான் மார்க் 3. ஊர்க்காரர்களே சில கருவிகளோடு வேலையை முடித்துவிடலாம். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா மாவட்டத்தில், பள்ளிக்கூடம் போகாத பெண்கள் பயிற்சி எடுத்து பம்பு மெக்கானிக் ஆனார்கள். தண்ணீர் சுமந்தவர்கள் கையிலேயே ஸ்பானர் வந்தது.

ஆகவே "பராமரிப்பு என் வேலை இல்லை" என்று ஒரு வடிவமைப்பாளர் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். எந்தப் பாகம் முதலில் தேயும், அது எந்தக் கடையில் கிடைக்கும், யார் மாற்றுவார், காசு யார் கொடுப்பார் என்ற நாலு கேள்விக்கும் வரைபடத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

நல்ல எண்ணத்தோடு செய்கிறோம். அதுவும் தவறிப்போகுமா?

போகும், பெரிய அளவில் போகும். தென்னாப்பிரிக்காவில் 'பிளேபம்ப்' என்று ஒன்று வந்தது. குழந்தைகள் ஏறிச் சுற்றும் ராட்டினம். அது சுற்றச் சுற்ற நிலத்தடி நீர் மேலே தொட்டிக்கு ஏறும். குழந்தைக்கு விளையாட்டு, அம்மாவுக்குத் தண்ணீர். படத்தில் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். 2006இல் அமெரிக்காவில் இதற்கு 1.64 கோடி டாலர் உதவி அறிவித்தார்கள். 2010க்குள் 4,000 பம்புகள் என்பது திட்டம்.

குழந்தைகள் நாள் முழுக்கச் சுற்றமாட்டார்கள். பள்ளி விடுமுறையில் வரவே மாட்டார்கள். மொசாம்பிக்கில் வயதான பெண்கள் குனிந்து அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளிக்கொண்டு நின்றார்கள். சொன்ன அளவுக்குத் தண்ணீர் எடுக்க ஒரு நாளில் 27 மணி நேரம் சுற்ற வேண்டும் என்று 2009இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. விலையோ சாதாரண அடிபம்பைப் போல நாலு மடங்கு. பழுதானால் ஊரில் யாரும் தொட முடியாது. சில ஊர்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டு இதை வைத்திருந்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

பிளேபம்ப் பணம் கொடுப்பவரின் கண்ணுக்கு அழகாக இருந்தது. தண்ணீர் எடுப்பவரிடம் யாரும் முன்கூட்டியே கணக்குக் கேட்கவில்லை. இந்தத் துறையில் பணம் கொடுப்பவரும் பொருளைப் பயன்படுத்துபவரும் வேறு வேறு ஆட்கள். கடையில் வாங்கிய பொருள் பிடிக்காவிட்டால் அடுத்த தடவை வாங்கமாட்டோம். இலவசமாக வந்த பம்பை ஊர் என்ன செய்ய முடியும்? திருப்பிக் கொடுக்கவும் வழி இல்லை. அதனால்தான் இங்கே வடிவமைப்பாளருக்குப் பொறுப்பு கூடுதல்.

மக்களிடம் கேட்டுச் செய்தால் சரியாகிவிடும்தானே?

கேட்பதில் பல வகை உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். முதலில் தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்புகள். கடலோர வெயிலில் பகலில் உள்ளே உட்கார முடியாது. அப்புறம் நிரந்தர வீடுகள் வந்தன. பல இடங்களில் நிலத்தைச் சமன் செய்து, நின்ற மரங்களை வெட்டி, தட்டையான கான்கிரீட் கூரை போட்டு வரிசையாகக் கட்டினார்கள். கட்டுமானம் உறுதிதான், மறுக்கவில்லை. ஆனால் வலை பின்ன நிழல் இல்லை. மதியம் நாலு பேர் உட்கார்ந்து பேசத் திண்ணை இல்லை. அக்கம்பக்கம் இருந்த சொந்தங்கள் வேறு வேறு வரிசைக்குப் போனார்கள்.

"உங்களுக்கு என்ன மாதிரி வீடு வேண்டும்?" என்று கேட்டிருந்தாலும், "கான்கிரீட் வீடு" என்றுதான் பதில் வந்திருக்கும். எல்லாம் போன பிறகு உறுதியான வீடு கேட்பதில் என்ன தவறு? ஆனால் "பத்து மணி வெயிலில் எங்கே இருப்பீர்கள், கருவாடு எங்கே காயும், ராத்திரி காற்றுக்கு எங்கே படுப்பீர்கள்" என்று கேட்டிருந்தால் திண்ணையும் வேப்பமரமும் பேச்சில் வந்திருக்கும். ஆசையைக் கேட்பதோடு ஒரு நாள் பொழுதையும் கேட்க வேண்டும்.

இன்னொன்று, யாரிடம் கேட்கிறோம் என்பது. ஊர்க்கூட்டம் என்று கூட்டினால் முன்வரிசையில் ஆண்கள், அதிலும் ஆதிக்கம் உள்ளவர்கள். தண்ணீர் பற்றிப் பேச வேண்டியவர் பின்னால் நின்றுகொண்டிருப்பார், அல்லது அந்த இடத்துக்கே வந்திருக்க மாட்டார். நம் கிராமங்களில் ஒரு பம்பை ஊருக்குள் வைப்பதா காலனியில் வைப்பதா என்பதிலேயே யார் குடிப்பார், யார் காத்திருப்பார் என்பது முடிவாகிவிடும். வரைபடத்தில் அது வெறும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை எங்கே வைக்கிறோம் என்பதற்கு வடிவமைப்பாளர் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் சாதி போன்ற பிரச்சினையை வடிவமைப்பு தீர்க்குமா?

தீர்க்காது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடித்த மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. தொட்டிக்கு இன்னும் நல்ல மூடி வடிவமைத்திருக்கலாம் என்று அங்கே போய் யாராவது சொல்ல முடியுமா?

சாக்கடையும் அப்படித்தான். மனிதரை மலம் அள்ள வைப்பதை 2013 சட்டம் தடை செய்கிறது. திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர்கள் ஆள் இறங்காமல் ஆள்நுழைவுக் குழியைச் சுத்தம் செய்யும் 'பேண்டிகூட்' இயந்திரத்தைச் செய்து 2018இல் வேலைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த இயந்திரத்தை நான் மதிக்கிறேன். அதற்குப் பிறகும் நாட்டில் குழிக்குள் இறங்கி ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒப்பந்ததாரருக்கு ஆள் மலிவாகக் கிடைக்கிற வரை, இறக்கிவிட்டவருக்குத் தண்டனை கிடைக்காத வரை இயந்திரம் கொட்டகையில் நிற்கும். இதை வெளிப்படையாகச் சொல்வதும் வடிவமைப்பாளரின் கடமை. "எங்கள் கருவி வந்துவிட்டது, பிரச்சினை முடிந்தது" என்று மேடையில் சொன்னால், சட்டத்துக்காகவும் கூலிக்காகவும் போராடுகிறவர்களின் காலை நாமே வாரிவிடுகிறோம்.

ஒரு சாதாரணத் தாள், படிவம், இதற்கும் இவ்வளவு பொறுப்பா?

2000 நவம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், பாம் பீச் மாவட்டம். அதிபர் தேர்தல் வாக்குச்சீட்டில் வேட்பாளர்கள் அதிகம். வயதானவர்களுக்கு எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று நல்ல எண்ணத்தில் பெயர்களை எதிரெதிரே இரண்டு பக்கங்களில் அச்சிட்டு, நடுவில் ஒரே வரிசையாகத் துளைகளை வைத்தார்கள். இடது பக்கம் இரண்டாவதாக இருந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோருக்கு வாக்களிக்க மூன்றாவது துளையைக் குத்த வேண்டும். பலர் இரண்டாவதைக் குத்தினார்கள். அது வேறு கட்சிக்காரருக்குப் போனது. குழம்பி இரண்டு துளை குத்தியதால் 19,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் அந்த ஒரு மாவட்டத்திலேயே செல்லாமல் போயின. ஃபுளோரிடாவின் முடிவைத் தீர்மானித்த வித்தியாசம் வெறும் 537 வாக்கு.

நம் நாட்டு முதல் பொதுத் தேர்தலை இதோடு வைத்துப் பாருங்கள். 1951-52இல் பெரும்பாலான வாக்காளர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, பெட்டி மேல் சின்னத்தை ஒட்டினார்கள். ஏர் உழுத மனிதரும் தனக்குத் தெரிந்த படத்தைப் பார்த்துச் சீட்டைப் போட முடிந்தது. படிக்காதவரைக் குறை சொல்லாமல் பெட்டியை அவருக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள்.

ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் கருவியும் இந்தக் கேள்விக்குள் வரும். செங்கல் சூளையிலும் வயலிலும் வேலை செய்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். கருவி "பொருந்தவில்லை" என்கிறது. அந்த அம்மா நாளைக்கும் கூலி வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். ரேகை விழாதவருக்கு மாற்று வழி என்ன என்பதை முதல் நாளே எழுதி, கடைக்காரருக்கும் அந்த அம்மாவுக்கும் தெரியும்படி ஒட்டி வைக்க வேண்டும்.

படித்த டிசைனர்தான் இதையெல்லாம் செய்ய முடியுமா?

ஜெய்ப்பூர் கால் 1968இல் உருவானது. வெளிநாட்டுச் செயற்கைக் காலோடு சம்மணம் போட முடியாது, குந்த முடியாது, வெறுங்காலோடு வயலில் இறங்க முடியாது. ஷூ போட்டே ஆக வேண்டும். இதைத் தீர்க்க ரப்பர் கால் செய்தவர் ராம் சந்திர சர்மா. சிற்ப வேலை தெரிந்த கைவினைஞர், பள்ளிப் படிப்பு சொற்பம். ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியோடும் மற்ற மருத்துவர்களோடும் சேர்ந்து செய்தார். சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது, அதற்கு அவர் தகுதியானவர்தான். ஆனால் ராம் சந்திரரின் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? அறிக்கையில் யார் பெயர் வருகிறது என்பதும் நீதி சார்ந்த விஷயம். ஊரில் ஒரு கொத்தனார், ஒரு தையல்கார அக்கா சொன்ன யோசனை உங்கள் வடிவமைப்பில் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு பெயரைப் போடுங்கள், கூலியும் கொடுங்கள்.

கோவையில் அருணாசலம் முருகானந்தம் பள்ளியைப் பாதியில் விட்டவர். மலிவு விலை நாப்கின் இயந்திரத்தைச் செய்து மகளிர் குழுக்களுக்கு விற்றார். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தாலே புரியும்படி வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்தது அதில் பெரிய விஷயம். 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். பொதுவாக நாப்கின் பற்றிப் பேசும்போது நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன்: பயன்படுத்திய நாப்கினைக் குப்பையிலிருந்து கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். பொருளைப் பயன்படுத்துகிறவரோடு, அது முடிந்த பிறகு அதைத் தொடுகிறவரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எந்த வேலையை மறுக்கலாம்?

பேருந்து நிறுத்தத்தில் யாரும் படுத்துவிடக் கூடாது என்று இருக்கையின் நடுவே கம்பி வைக்கச் சொல்வார்கள். சரிவாக, ஒடுங்கிய குழாயாக இருக்கை கேட்பார்கள். வீடில்லாதவரை விரட்டுவதற்காக வைப்பது, கடைசியில் கர்ப்பிணியையும் முழங்கால் வலிக்காரரையும் சேர்த்தே விரட்டும். இப்படிப்பட்ட வேலை வந்தால் முதலில் மாற்று வரைந்து காட்டுங்கள். கேட்கவில்லை என்றால் மறுத்துவிடுங்கள். வீட்டு வாடகை கட்ட வேண்டிய இளைஞருக்கு இது எளிதில்லை என்று தெரியும். குறைந்தபட்சம் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள்.

சேவைதானே, இலவசமாகச் செய்யலாமா?

முடிந்தவரை சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். இலவச வேலையை ஓய்வு நேரத்துக்குத் தள்ளிவிடுவோம், பாதியில் விடவும் மனம் கூசாது. காசில்லாத அமைப்பென்றால், எத்தனை நாள், என்னென்ன, எப்போது முடியும் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

கல்லூரி புராஜெக்டுக்காக ஒரு கிராமத்துக்குப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

எத்தனை நாள் இருப்பீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "பண்ணித் தருகிறோம்" என்ற சொல் வாயில் வரவே கூடாது. நான் மாணவப் பருவத்தில் ஒரு ஊரில் அப்படிச் சொல்லிவிட்டு வந்தேன். செமஸ்டர் முடிந்தது, மதிப்பெண்ணும் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஒரு பாட்டி அடையாளம் கண்டு, "அந்தத் தண்ணித் தொட்டி எப்ப சாமி வரும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

புகைப்படம் எடுப்பதானால் கேட்டு எடுங்கள். கிழிந்த சட்டையைத் தேடிப் போய் எடுக்காதீர்கள்.

தோற்றுப்போனால் வெளியே சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும், எண்ணிக்கையோடு. புகையில்லா அடுப்பு இந்தியாவில் 1980களிலிருந்து அரசுத் திட்டமாகவே லட்சக்கணக்கில் போனது. கொடுத்த அடுப்பு எத்தனை என்பதற்குக் கணக்கு இருந்தது. எரிகிற அடுப்பு எத்தனை என்று தேடிப் போனவர்கள் குறைவு. ஒடிசாவில் சில பொருளாதார ஆய்வாளர்கள் மேம்படுத்திய அடுப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருடம் புகை குறைந்தது. அப்புறம் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆளில்லை, விரிசல் விட்டது, பெண்கள் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள், பலனும் போய்விட்டது. முதல் வருடத்தோடு நிறுத்தியிருந்தால் அது வெற்றிக் கதையாகவே அச்சாகியிருக்கும். உங்கள் திட்டத்துக்கும் மூன்றாம் வருடம் திரும்பிப் போய்ப் பார்க்கும் பயணச் செலவை முதல் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் கேட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ரேஷன் கடைக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய், மடிக்கணினி இல்லாமல் காலையிலிருந்து மூடும்வரை வரிசையில் நில்லுங்கள். யார் எந்த இடத்தில் தயங்குகிறார், யார் பக்கத்தில் இருப்பவரிடம் "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கிறார், யார் வேலை முடியாமல் திரும்பிப் போகிறார் என்று பாருங்கள். திரும்பிப் போகிறவரோடு கொஞ்ச தூரம் நடந்து பேசுங்கள். மறுநாளும் போங்கள்.